டைமிங் பெல்ட் மாற்றியாச்சு என்று சொன்னால் கிராங்க் புல்லி போல்ட்டைப் பாருங்கள்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கம் டைமிங் பெல்ட் இன்ஜின் உள்ள பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பிஸ்டனுக்கு ஒத்து வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் பல் வைத்த பெல்ட் அது. அதை மாற்றாமலேயே மாற்றியதாகச் சொல்லி என்னிடம் 9,400 ரூபாய் வாங்கிவிட்டார்கள். புகார் கொடுத்திருப்பதால் ஷெட் பெயரைப் போடவில்லை.

பெரும்பாலான இன்ஜின்களில் டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டுமென்றால் கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுற்றிவிடும் முக்கிய அச்சு) முனையில் இருக்கும் புல்லி என்ற சக்கரம் வெளியே வந்தாக வேண்டும். அதைப் பிடித்திருப்பது நடுவில் இருக்கும் ஒரே ஒரு பெரிய போல்ட். கம்பெனியிலேயே அசுர இறுக்கத்தில் போட்டுத்தான் அனுப்புவார்கள். அதோடு நம்ம ஊர் உப்புக்காற்று. பாம்பன் பாலத்தைத் தாண்டினாலே கண்ணாடியில் பிசுபிசுவென்று படிகிறதே, அது அடியில் இருக்கும் போல்ட்டை மட்டும் விட்டுவைக்குமா? ஆகவே போல்ட் பிடித்துக்கொண்டதற்கு ஷெட்காரரைக் குறை சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு செய்ததுதான் அயோக்கியத்தனம்.

வண்டியை விட்ட அன்று மதியம் போன் வந்தது. "அண்ணே, புல்லி போல்ட்டு அசைய மாட்டேங்குது. லேபர் கொஞ்சம் கூட ஆகும்." சரி என்றேன். சாயங்காலம் முடிந்துவிட்டது என்றார்கள். பானட்டைத் திறந்து பளபளவென்று ஒரு புது பெல்ட்டைக் காட்டினார்கள். டிக்கியில் ஒரு அட்டைப்பெட்டி. "பழைய பெல்ட்டு உள்ள இருக்குண்ணே, பாத்துக்கங்க." வெள்ளைத்தாளில் கணக்கு: பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப், லேபர், கடைசியில் 'போல்ட் ஜாம் எக்ஸ்ட்ரா' 1,200.

பானட்டுக்குள் கண்ணுக்குத் தெரிவது வெளியே ஓடுகிற ஃபேன் பெல்ட். அதை மாற்றப் புல்லியைக் கழற்றவே வேண்டாம். டைமிங் பெல்ட் கவருக்குள்ளே மறைந்திருக்கும். இந்த வித்தியாசம் வண்டிக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது என்பதுதான் இவர்களுக்கு முதலீடு.

கொஞ்ச நாளில் வீட்டு வாசலில் எண்ணெய்ச் சொட்டு. ஐடிலிங்கில் கரகர சத்தம் வேறு. மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் அண்ணன் ஒருவர் கார் வேலையும் செய்வார், அவரிடம் கொண்டுபோனேன். வலது பக்கச் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் தட்டியை எடுத்துவிட்டு டார்ச் அடித்தார். "தம்பி, இங்க வந்து பாருங்க."

போல்ட் தலை எலி கொறித்த தேங்காய் மாதிரி இருந்தது. பைப் ரெஞ்ச் பல், உளி வெட்டு, எல்லாமே தெரிந்தது. கேஸ் வைத்துச் சூடேற்றியதில் புல்லி கருகியிருந்தது. அந்தப் புல்லி ஒரே இரும்பு இல்லை. உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவில் அதிர்வைத் தாங்க ரப்பர் இருக்கும். அது உருகி வெளிவளையம் ஆட்டம் கண்டுவிட்டது, சத்தம் அதனால்தான். பின்னாலிருக்கும் கிராங்க் ஆயில் சீலும் அதே சூட்டில் வெந்து கசிந்திருக்கிறது.

இத்தனை அடி வாங்கியும் அந்த போல்ட் ஒரு நூல் கூடத் திரும்பவில்லை. வாஷரும் புல்லியும் சேரும் இடத்தில் பழைய துரு வட்டம் உடையாமல் அப்படியே இருந்ததைக் காட்டினார். மேல் கவரைத் திறந்தால், எழுத்தெல்லாம் அழிந்து, பல் அடியில் வெடிப்பு விட்ட என் பழைய பெல்ட் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. பெட்டியில் கொடுத்த பெல்ட்டில் பல்லை எண்ணிப் பார்த்தோம். அது வேறு ஏதோ வண்டியுடையது. வாட்டர் பம்ப் அந்தப் பெல்ட்டுக்குப் பின்னால்தான், அதையும் தொடவில்லை. கழற்றாத போல்ட்டுக்குக் கழற்றுகூலி கொடுத்த ஆள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஓட்டத்தில் அந்தப் பெல்ட் அறுந்திருந்தால், நிறைய இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை அடிக்கும். பிறகு ஹெட்டைப் பிரிக்க வேண்டியதுதான்.

மண்டபத்து அண்ணன் எப்படிக் கழற்றினார் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ராத்திரியே துரு இளக்கும் ஆயிலை அடித்து விட்டுவிட்டார். காலையில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக, கிராங்கின் மறுமுனையில் இருக்கும் ஃப்ளைவீல் சக்கரத்தின் பல்லில் லாக் போட்டார். கிராங்க் சுற்றாமல் பிடித்தால்தான் கொடுக்கிற பலம் போல்ட்டுக்குப் போகும். தலை சிதைந்திருந்ததால் ஒரு சைஸ் சின்னதாக ஆறுமூலை சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றி, கெட்டியான பார், அதன்மேல் நீள பைப். ஒரே அழுத்து. 'டப்' என்று துப்பாக்கிச் சத்தம், போல்ட் இளகிவிட்டது. புது புல்லி, புது சீல், புது போல்ட் போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினார்.

சில ஷெட்டில் போல்ட்டில் மாட்டிய பாரைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, சாவியைத் திருகி ஸ்டார்ட்டரை ஒரு தட்டு சுற்றவிட்டு போல்ட்டைக் கழற்றுவார்கள். பார் வழுக்கினால் கை போகும். எதிர்ப்பக்கம் சுற்றும் சில பழைய ஹோண்டா இன்ஜின்களில் அப்படிச் செய்தால் போல்ட் இன்னும் இறுகும்.

வேலை கொடுக்கும் முன் "கிராங்கை எதை வச்சு லாக் பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். பதில் சுத்தியல், உளி, கேஸ் என்று போனால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். முடிந்ததும் மேல் கவரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். புதுப் பெல்ட்டில் எழுத்து பளிச்சென்று தெரியும்.

கேட்கப் போனபோது ஷெட் முதலாளி, "பையன் தெரியாம பண்ணிட்டான்" என்றார். வேறு வண்டிப் பெல்ட்டைப் பெட்டியில் போட்டு வைப்பது தெரியாமல் செய்கிற காரியமா? பணம் தரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருஷத்துக்குள் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வெள்ளைத்தாள் கணக்கு, ஜிபே ரசீது, உளி பட்ட போல்ட், அந்த அந்நியப் பெல்ட் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. உங்களுக்கும் இப்படி அட்டைப்பெட்டியில் 'பழைய பெல்ட்' வந்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள், முதலில் பல்லை எண்ணிப் பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்புங்கள்.