கடன் வாங்கலாமா, கூடாதா: கிறிஸ்தவர்களுக்குள் நான்கு பார்வைகள்

கடன் வாங்குவது பாவமா என்று ஒரு சபையில் கேட்டுப் பாருங்கள். ஒரே வேதாகமத்தைக் கையில் வைத்திருப்பவர்களே நாலு விதமாகப் பதில் சொல்வார்கள். அந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். எனக்கு இதில் ஒரு சாய்வு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேதம் கடன் வாங்கியவரை எச்சரிக்கிறது, ஆனால் கடன் கொடுத்தவரிடம்தான் அதிகக் கண்டிப்போடு பேசுகிறது. நம் பிரசங்கங்களில் இது தலைகீழாகிவிட்டது.

முதல் தரப்பு, கடனே கூடாது என்பவர்கள். ‘ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்’ என்ற ரோமர் 13:8-ஐயும், கடன் வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமை என்ற நீதிமொழிகள் 22:7-ஐயும் இவர்கள் முன்வைப்பார்கள். இதை அப்படியே வாழ்ந்து காட்டியவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836-இல் அநாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பராமரித்தவர், அதற்காகக் கடன் வாங்கவே இல்லை. ஹட்சன் டெய்லர் என்ற மிஷனரி 1865-இல் தொடங்கிய சீன உள்நாட்டு மிஷனும் அதே வழியில் நடந்தது. நம் காலத்தில் இந்தக் குரலை வானொலி மூலம் பரப்பியவர் அமெரிக்காவின் டேவ் ராம்சே. வீடு, மனை வாங்கி விற்கும் தொழிலில் கடன் முற்றி 1988-இல் திவாலானவர் அவர். கிரெடிட் கார்டே வேண்டாம் என்பார். ஆனால் வீட்டுக் கடனுக்கு மட்டும் அவரும் இடம் கொடுக்கிறார்: 15 ஆண்டுகளில் முடிய வேண்டும், வட்டி மாறாமல் இருக்க வேண்டும், தவணை கைக்கு வரும் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது.

இந்தத் தரப்பின் பலம் அதன் தெளிவு. ஆசை பொங்கி நிற்கும் நேரத்தில் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வசனத்தை அது முழுதாகப் படிப்பதில்லை. ரோமர் 13-இல் முந்தைய வசனம் வரி செலுத்த வேண்டியவனுக்கு வரியைச் செலுத்தச் சொல்கிறது. அதோடு சேர்த்துப் படித்தால், கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருக்காதே என்பதுதான் அழுத்தம். கடன் வாங்குவதே பாவமென்றால், கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொல்லியிருக்க மாட்டார். இன்னொன்று: பிள்ளையின் ஆபரேஷனுக்குக் கடன் வாங்கிய ஒரு தாய், இந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக் குற்ற உணர்வோடு வீடு திரும்புவது நியாயமே இல்லை.

இரண்டாவது தரப்பு, கடன் பாவமல்ல, விவேகம் வேண்டும் என்பது. சபைச் சீர்திருத்தத் தலைவர்களில் ஒருவரான ஜான் கால்வின் 1545-இல் எழுதிய ஒரு கடிதத்தில் வட்டிக்குக் கொடுப்பதை நிபந்தனைகளோடு ஏற்றுக்கொண்டார். ஏழையிடம் வட்டி வாங்காதே, கடனால் வாங்கியவனுக்கும் லாபம் இருக்க வேண்டும் என்பவை அவற்றில் இரண்டு. அதுவரை சபையின் நிலை வேறாக இருந்தது. 325-இல் நிசேயா சங்கம் (சபைத் தலைவர்கள் கூடி முடிவெடுத்த மாமன்றம்) வட்டி வாங்கும் குருமாரைப் பதவி நீக்கச் சொன்னது. 1179-இல் மூன்றாம் லாத்தரன் சங்கம், வட்டித் தொழிலில் பேர்போனவர்களுக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் இல்லை என்றது. கால்வினுக்குப் பிறகுதான், சீர்திருத்த சபைகளில், தொழிலுக்கான கடனும் பசிக்கான கடனும் வேறு வேறு என்ற எண்ணம் வேரூன்றியது.

இந்தத் தரப்பு கேட்கச் சொல்லும் கேள்விகள் நல்லவை. கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று லூக்கா 14 கேட்கிறதே, அதே கேள்விகள்தான். வாங்கும் பொருள் கடன் தீரும்வரை மதிப்போடு இருக்குமா? வேலை போனால் எத்தனை தவணை தாங்கும்? கணவனும் மனைவியும் சேர்ந்துதான் முடிவெடுத்தார்களா? சிக்கல் என்னவென்றால், விவேகம் என்ற வார்த்தை எல்லோருக்கும் வளைந்து கொடுக்கும். கார் வாங்க ஆசைப்படுகிறவர், அது ஊழியத்துக்கும் உதவும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஆகவே, வாங்கும் முன் இரண்டாம் தரப்பின் கேள்விகளும், வாங்கிய பின் முதல் தரப்பின் வைராக்கியமும் வேண்டும் என்பது என் கருத்து.

வாங்கிய பின் அடைப்பதிலும் இரண்டு வழி உண்டு. ராம்சே சொல்வது, வட்டியைப் பார்க்காதே, சின்னக் கடனை முதலில் முடி என்பது. கணக்குப்படி பார்த்தால் அதிக வட்டிக் கடனை முதலில் அடைப்பதுதான் லாபம். 12 சதவீதத்தில் 5,000, 36 சதவீதத்தில் 60,000 என்று இரண்டு கடன் இருந்தால், சின்னதை முதலில் முடிப்பதால் பெரிய நஷ்டமில்லை. ஒன்று ஒழிந்த தெம்பு வரும். ஆனால் சின்னதே 40,000 என்றால் நான் 36 சதவீதத்தின் பக்கம்தான் போவேன்.

மூன்றாவது, செழிப்பு உபதேசம். காணிக்கையை விதையாக விதை, கடன் அற்புதமாகத் தீரும் என்பது. நேராகவே சொல்கிறேன், இது கடனாளிக்குச் செய்யும் கொடுமை. தவணைக்கு வைத்திருந்த பணம் மேடைக்குப் போகிறது. தீராவிட்டால் விசுவாசம் போதவில்லை என்ற பழியும் அவர் தலையிலேயே விழுகிறது. தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் ‘கொர்பான்’ என்று தேவனுக்கு நேர்ந்துவிட்டுத் தப்பிக்கிறவர்களை இயேசு மாற்கு 7-இல் கடிந்துகொண்டார். அடுத்தவருக்குச் சேர வேண்டிய பணத்தைக் காணிக்கையாக்குவதும் அதே ரகம்தான். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் தசமபாகம் பற்றி நேர்மையான கருத்து வேறுபாடு உண்டு. கடனில் இருக்கும்போதும் அதை நிறுத்தாதே என்று ராம்சேயும் சொல்கிறார். அது வேறு, கடன் தீர்வதற்கு விலையாகக் காணிக்கை கேட்பது வேறு.

நான்காவது தரப்பு கேள்வியையே திருப்பிப் போடுகிறது: கடன் கொடுத்தவன் எப்படி நடந்துகொண்டான்? உபாகமம் 24-ஐத் திறந்து பாருங்கள். அடகு வாங்கப் போனவன் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும்; கடனாளிதான் அதை எடுத்துவந்து கொடுப்பான். திரிகைக் கல்லை அடகு வாங்கக் கூடாது, அது அவன் ஜீவனம். ஏழையின் போர்வையைச் சூரியன் அஸ்தமிப்பதற்குள் திருப்பித் தர வேண்டும். உபாகமம் 15-இல் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கடன் விடுதலை. ஏழாம் வருஷம் கிட்டிவிட்டதே, இப்போது கொடுத்தால் திரும்பாதே என்று யோசித்துக் கையை மூடிக்கொள்கிறவனையும் அதே அதிகாரம் முன்கூட்டியே எச்சரிக்கிறது. சட்டப்படி திவால் மனு கொடுத்த சகோதரரைச் சபையில் ஓரக்கண்ணால் பார்ப்பவர்கள் இந்த அதிகாரத்தைப் படிக்க வேண்டும்.

அப்புறம் 2 இராஜாக்கள் 4. செத்துப்போன ஒரு தீர்க்கதரிசியின் விதவை, எலிசா தீர்க்கதரிசியிடம் வருகிறாள். அவள் கணவன் கர்த்தருக்குப் பயந்தவன். ஆனாலும் கடன் இருக்கிறது, கடன்காரன் இரண்டு மகன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். ஏன் கடன் வாங்கினீர்கள் என்று எலிசா கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய். அயலாரிடம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்கிறார். எண்ணெய் பெருகிய பிறகு, விற்றுக் கடனைத் தீர், மீந்ததில் நீயும் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். கடனாளியைக் குத்திக்காட்டவில்லை, கடன்காரனை ஏமாற்றவும் சொல்லவில்லை. வருத்தமெல்லாம், இதைச் செழிப்பு உபதேசக்காரர்கள் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான்; எலிசா அவளிடம் காணிக்கையே வாங்கவில்லை.

இந்தப் பார்வை செயலாகவும் ஆகியிருக்கிறது. 1462-இல் இத்தாலியின் பெரூஜியாவில் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் ஏழைகளுக்கான அடகுக் கடை வந்தது; நடத்தும் செலவுக்கு மட்டும் கொஞ்சம் வட்டி. அதுவும் வட்டிதானே என்று சண்டை நடந்து, 1515-இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் அதை அனுமதித்தது. 1996-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஜான் கிர்க்பி தொடங்கிய ‘கிறிஸ்டியன்ஸ் அகெயின்ஸ்ட் பாவர்ட்டி’ உள்ளூர்ச் சபைகளோடு சேர்ந்து இலவசமாகக் கடன் ஆலோசனை தருகிறது. வீட்டுக்கே வந்து கணக்கைப் பிரித்துப் பார்த்து, கடன் கொடுத்தவர்களோடு பேசியும் கொடுக்கிறார்கள்.

இந்த வழிக்கும் ஒரு ஆபத்து உண்டு. பழியெல்லாம் கடன் கொடுத்தவன் மேல் போய்விட்டால், வாங்கிச் செலுத்தாமற்போகிறவனைத் துன்மார்க்கன் என்று சொல்லும் சங்கீதம் 37:21 மறந்துபோகும். முடிந்தும் கொடுக்காதவரும், முடியாமல் தவிப்பவரும் ஒன்றல்ல.

சரி, சபையில் ஒருவர் உங்களிடமே கடன் கேட்டால்? லூக்கா 6:35 கைம்மாறு கருதாமல் கொடுக்கச் சொல்கிறது. நீதிமொழிகள் 6 பிணைப்பட்டவனை, தூக்கம்கூட இல்லாமல் ஓடித் தப்பித்துக்கொள்ளச் சொல்கிறது. இரண்டையும் நான் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். ஜாமீன் கையெழுத்துப் போடமாட்டேன். திரும்பி வராவிட்டாலும் நம் வீடு தள்ளாடாத அளவுக்கு ஒரு தொகையைக் கொடுப்பேன், தேதி கேட்கமாட்டேன்.