பத்து சிட்டிங்கில் நரம்பு சரியாகிவிடும் என்று நம்பி அம்மாவை அழைத்துப் போனேன்

"இடுப்பு டிஸ்க், நரம்பு அழுத்தம், சயாட்டிகா. ஆபரேஷன் இல்லாமல் 10 சிட்டிங்கில் முழு குணம்." இப்படி பிளெக்ஸ் கட்டியிருக்கும் ஒரு மசாஜ் தெரபி நிலையத்துக்கு என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். வழக்கு போட இருப்பதால் அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ராமேஸ்வரம் போகும் வழியில் இந்த மாதிரிப் பலகைகள் இப்போது நிறையத் தொங்குகின்றன. எந்தப் பலகையைப் பார்த்து உள்ளே போவதாக இருந்தாலும், அதற்கு முன்னால் எங்களுக்கு நடந்ததை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எங்கள் ஊர் பாம்பன் பக்கம். அம்மாவுக்கு 52 வயது. சின்னப் பிள்ளையிலிருந்து கடல்பாசி எடுத்துதான் எங்களை வளர்த்தார். விரல் ஒவ்வொன்றிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, செருப்பைக் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கண்ணாடியை மாட்டி முங்கினால் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துப் பிய்த்து இடுப்புப் பையில் போட வேண்டும். அப்புறம் தண்ணீர் சொட்டும் சாக்கைக் கரைக்குத் தூக்கி வர வேண்டும். குனிந்த வாக்கில் உடம்பைத் திருப்பிப் பாரம் தூக்குவதுதான் இடுப்பு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சவ்வுக்கு, அதாவது டிஸ்க்குக்கு, ஆகவே ஆகாதது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. தை மாதம் ஒருநாள் சாக்கைத் தூக்கியபோது இடுப்பில் சுரீர் என்று பிடித்தது. ரெண்டு நாளில் அந்த வலி புட்டத்தில் இறங்கி, தொடையின் பக்கவாட்டில் ஓடி, கெண்டைக்காலைத் தாண்டிக் கட்டைவிரல் வரைக்கும் மின்சாரம் பாய்ந்த மாதிரி போனது. இருமினால், தும்மினால் கூடும். இப்படி இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் வலியைத்தான் சயாட்டிகா என்கிறார்கள்.

முதலில் போனது எங்கள் தெருவில் சுளுக்கு எடுக்கிற அப்பத்தாவிடம். எண்ணெய் தொட்டுத் தடவிப் பார்த்தவர் பாதியிலேயே கையை எடுத்துவிட்டார். "இது சுளுக்கு இல்ல தாயி. வலி காலுக்கு ஓடுது. நான் கை வைக்க மாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். வெற்றிலை பாக்குக்குக் காசு கொடுத்தோம், அதையும் வாங்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தப் பதிவை நான் எழுத வேண்டியிருக்காது.

ஆஸ்பத்திரி என்றால் ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். போனில் அந்த நிலையத்தின் வீடியோ வந்தது. நடக்க முடியாமல் வந்த ஒருவர் எழுந்து நடக்கிறார். கூப்பிட்டேன். 10 சிட்டிங் 18,000 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் 15,000, எண்ணெய்ப் பாட்டில் தனியாக 1,200. தங்கச்சி வளையலை அடகு வைத்துக் கட்டினேன். ஜிபே நம்பர் வேறு ஒருவர் பெயரில் இருந்தது. ரசீது கேட்டதற்கு நோட்டுத்தாளில் தொகையை எழுதி ஒரு கையெழுத்து. அப்போதே திரும்பியிருக்க வேண்டும்.

உள்ளே வெள்ளைக் கோட் போட்ட ஆள். எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்கேன் எடுத்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலைத் தூக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. சர்க்கரை இருக்கிறதா, வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எதுவும் இல்லை. குப்புறப் படுக்க வைத்து, முழங்கையால் புட்டத்தில் தன் பாரம் முழுவதையும் வைத்து அழுத்தினார். மூன்றாவது சிட்டிங்கில் அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் தள்ளி வெடுக்கென்று முறுக்கினார். சடக்கென்று சத்தம் கேட்டது. அம்மா போட்ட அலறல் வெளியே நின்ற எனக்குக் கேட்டது. "மாட்டியிருந்த நரம்பு விட்டிருச்சும்மா, இனி பாருங்க" என்றார்.

நாலாவது நாள் வலி குறைந்தது. இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வலி குறைந்தது, கால் மரத்துப் போயிருந்தது. அம்மா, "தம்பி, பாதத்துக்கு மேல தொட்டாத் தெரிய மாட்டேங்குதுப்பா" என்று அந்த ஆளிடமே சொன்னார். "நரம்பு ஓய்வெடுக்குது, நல்ல அறிகுறி" என்று பதில் வந்தது. நாங்களும் சந்தோஷப்பட்டோம். வீட்டில் அன்று கறி எடுத்துச் சமைத்தோம்.

ஆறாவது சிட்டிங் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் நடந்து வந்துகொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் அம்மாவின் வலது செருப்பு பத்தடிக்குப் பின்னால் கிடக்கிறது. கழன்றது அவருக்குத் தெரியவில்லை. வெயிலில் சுட்ட மணலும் தெரியவில்லை. கட்டைவிரல் நகம் தரையில் உரசிப் பெயர்ந்து ரத்தம் வந்திருந்தது, அதுவும் தெரியவில்லை. பாதத்தை இழுத்து இழுத்துத்தான் நடந்திருக்கிறார், நான் பக்கத்திலேயே வந்தும் பார்க்கவில்லை.

மறுநாள் ராமநாதபுரத்தில் எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் செய்த முதல் காரியம், அம்மாவைக் குதிகாலில் நடக்கச் சொன்னது. முடியவில்லை. கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னார். தூக்க முடியவில்லை. இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, காசும் ஆகவில்லை. அடுத்து, சிறுநீர் சரியாகப் போகிறதா, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா, ரெண்டு காலும் வலுவிழக்கிறதா என்று கேட்டார். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். நல்லவேளை, அது எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்ததில், முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் இருக்கும் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நசுக்கியிருந்தது. பாதத்தை மேலே தூக்க வைக்கிற நரம்பு அது.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் அந்தச் செலவிலிருந்து தப்பினோம். மசாஜ்தான் காரணமா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேட்டேன். "அது மட்டும்தான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா கால் வலுவிழக்க ஆரம்பிச்ச பிறகு போன ஒவ்வொரு நாளும் நஷ்டம்தான்" என்றார். அவர் சொன்ன இன்னொன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சவ்வு பிதுங்கினவர்களில் பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே வலி அடங்கிவிடும். மாத்திரை, பாரம் தூக்காமல் இருப்பது, படுத்தே கிடக்காமல் மெல்ல நடப்பது, பயிற்சி, இவ்வளவுதான். அப்படியானால் அந்த வீடியோவில் எழுந்து நடந்த மனிதர் பொய் சொல்லாமலே இருந்திருக்கலாம். நாள் போகப் போகத் தானாக ஆறுவதற்குத்தான் 15,000 ரூபாய் வாங்குகிறார்கள். ஆறாமல் மோசமாகிறவர்கள் வீடியோவில் வருவதில்லை.

மசாஜே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இப்போது அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண், தொடையும் கெண்டையும் இறுகிப் போகும்போது மெதுவாகப் பிடித்துவிடத்தான் செய்கிறார். நரம்பு நசுங்கும்போது அதைச் சுற்றியுள்ள சதை இறுகிக்கொள்ளும், அந்த இறுக்கம் வேறு தனியாக வலிக்கும், பிடித்துவிட்டால் அந்த அளவுக்கு இதமாக இருக்கும். பிதுங்கிய சவ்வை வெளியிலிருந்து முழங்கையால் உள்ளே தள்ள யாராலும் முடியாது என்று அவரே சொன்னார். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று முறையாக ஒரு மசாஜ் சிகிச்சை இருக்கிறது. அதைச் செய்வதற்கு ஐந்தரை வருஷம் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர்கள் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஓ.பி. சீட்டோடு போய்ப் பார்க்கலாம். எங்களுக்குத்தான் அது தோன்றவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது வலி காலுக்கோ கைக்கோ ஓடினால், யாரிடம் போவதற்கு முன்னாலும் வீட்டிலேயே குதிகாலில் நாலடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். கழுத்திலிருந்து கைக்கு வலி ஓடினால் சட்டைப் பித்தான் போட முடிகிறதா, செம்பு நழுவுகிறதா என்று பாருங்கள். கழுத்தை மட்டும் யாரையும் திருகி முறுக்க விடாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கழுத்தெலும்பு வழியாகத்தான் போகிறது. அது கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம்தான் என்றாலும் வந்ததுண்டு. வெள்ளைக் கோட்டைப் பார்த்து மயங்காமல், என்ன படித்தீர்கள், பதிவு எண் என்ன என்று கேளுங்கள். மருத்துவ நிலையம் நடத்துகிறவர்கள் அரசிடம் பதிவு செய்து, அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். நாங்கள் போன இடத்தின் சுவரில் சாமி படமும் விலைப்பட்டியலும் மட்டும்தான் இருந்தன.

மீதி நாலு சிட்டிங் பணத்தையாவது கொடுங்கள் என்று போய்க் கேட்டேன். "நீங்க பாதியில நிறுத்தினதாலதான் இப்படி ஆச்சு" என்று அந்த ஆள் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்திலும் கொடுக்கப்போகிறேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் கொடுத்தால் போதும். நோட்டுத்தாள் ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், அந்த எண்ணெய்ப் பாட்டில் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் கூப்பிட்டு விவரம் கேட்டால் சொல்கிறார்கள்.

அம்மாவுக்கு வலி இல்லை. பாதம் பாதிதான் தூக்க வருகிறது. பிளாஸ்டிக் பட்டை போட்டுக்கொண்டு நடக்கிறார். பாறையில் கால் பதியாது என்பதால் பாசிக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூட வேலை செய்த பெண்கள் விடியலில் வத்தை என்கிற சின்னப் படகில் ஏறும்போது வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அதே நிலையத்தில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் நம் பகுதியில் இருந்தால் உங்கள் ரசீதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே மனு கொடுப்போம்.