பயிற்றுநர் உரிமம்: கள அனுபவம் போதுமா, பாடம் நடத்திக் காட்ட வேண்டுமா?

விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேரும் உதவியாளர், ஆம்புலன்ஸ் வரும்வரை பெரும்பாலும் தனியாகத்தான் சமாளிக்க வேண்டியிருக்கும். அவருக்குச் சொல்லித்தருபவருக்கு எதைப் பார்த்து உரிமம் கொடுப்பது? விதிகள் பொதுவாக இரண்டு பக்கங்களில் ஒன்றில் சாய்கின்றன.

ஒன்று, களத் தகுதி. கற்பிக்கப்போகும் நிலைக்குச் சமமான அல்லது அதற்கு மேற்பட்ட சான்றிதழ், சில வருட வேலை, காலாவதியாகாத உரிமம் இருந்தால் போதும். காகிதத்தைப் பார்த்தே முடிவெடுத்துவிடலாம் என்பதால் நிர்வாகத்துக்குச் சுலபம். "நோயாளி நடுவில் வாந்தி எடுத்தால் என்ன செய்வது?" என்று மாணவர் கேட்டால், பார்த்துப் பழகியவர் உடனே பதில் சொல்வார். இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

இன்னொன்று, கற்பிக்கும் திறமையைச் சோதித்துக் கொடுப்பது. முதலில் பயிற்றுநர் படிப்பு, அப்புறம் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க வகுப்பு எடுத்துக் காட்டுவது, அதன் பிறகே உரிமம். அமெரிக்க இதய சங்கத்தில் பயிற்றுநர் படிப்பு முடித்தவர், 6 மாதத்துக்குள் மேற்பார்வையில் ஒரு வகுப்பு நடத்த வேண்டும்.

நான் பார்த்த ஒரு வகுப்பில், பல வருடம் களத்தில் இருந்தவர் பாடம் எடுத்தார். அனுபவங்களை அழகாகச் சொன்னார். கடைசி பொம்மையில் மாணவர் ஒருவர், இதயம் நின்றுபோனவருக்குச் செய்வதுபோல நெஞ்சை அழுத்திப் பழகிக்கொண்டிருந்தார். ஆழம் 5 செ.மீ. சரியாக வந்தது, வேகமும் நிமிடத்துக்கு 100-120க்குள் இருந்தது. ஆனால் உள்ளங்கையின் பாரம் நெஞ்சைவிட்டு விலகவே இல்லை. நெஞ்சு முழுதாக மேலெழும்பினால்தான் இதயத்தில் ரத்தம் மறுபடி நிறையும். "நல்லா பண்றீங்க" என்று அவர் கடந்து போய்விட்டார். உதவிக்கு வந்திருந்த இளம் பயிற்றுநர் பக்கத்தில் மண்டியிட்டு, "மேல வரும்போது உங்க எடையை முழுசா எடுத்துடுங்க" என்று சொல்ல, பத்தே அழுத்தத்தில் திருந்தியது. அந்தக் கண், பாராமெடிக் (ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை தருபவர்) சான்றிதழோடு தானாக வந்துவிடுவதில்லை.

அதனால் என் பக்கம் தெளிவு: கள அனுபவம் உள்ளே வருவதற்கான வாசல், பாடம் நடத்திக் காட்டுவதே உரிமம். கல்லூரிப் பட்டம் கேட்கும் மூன்றாவது வழியும் உண்டு. இந்த நிலைப் பயிற்சிக்கு அது தேவையில்லாத தடை. நல்ல கைகளை வெளியே நிறுத்திவிடும்.

உரிமத்தைப் புதுப்பிப்பதில் முதல் இரண்டு முறைகளுக்குமான வித்தியாசம் இன்னும் பெரிது. களத் தகுதி முறை, தொடர்கல்வி மணிநேரத்தை எண்ணும். மற்றது, நடத்திய வகுப்புகளை எண்ணும். அதே சங்கம் 2 வருடத்தில் குறைந்தது 4 வகுப்பு கேட்கிறது. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. 2010-இல் அந்தச் சங்கத்தின் வழிகாட்டுதல், மூச்சுப்பாதையில் தொடங்கும் ஏ-பி-சி (மூச்சுப்பாதை, சுவாசம், நெஞ்சழுத்தம்) வரிசையை, நெஞ்சழுத்தத்தில் தொடங்கும் சி-ஏ-பி என்று மாற்றியது. பழைய வரிசையிலேயே நிற்கும் ஒரு பயிற்றுநர், அதைத் தன்னிடம் வரும் எல்லோருக்கும் கொடுத்துவிடுவார். வகுப்பில் யாராவது உட்கார்ந்து பார்த்தால்தான் அது வெளிப்படும்.

அப்படிப் பார்க்க வருபவர் செயல்முறை நேரத்தில் வர வேண்டும். காலையில் விரிவுரையைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் கிளம்பிவிட்டால், கடைசி பொம்மையின் பக்கத்தில் யார் நின்றார் என்பது அந்தப் படிவத்தில் வராது.