காத்திருக்கும்போது எதை ஜெபிப்பது: வாக்குத்தத்த வசனமா, புலம்பல் சங்கீதமா?

ஜெபத்துக்குப் பதில் தாமதமாகும்போது, தேவன் வாக்குக்கொடுத்த ஒரு வேத வசனத்தைச் சொல்லி ஜெபிப்பதா, சங்கீதம் 13 போல தேவனிடம் முறையிடும் சங்கீதத்தை ஜெபிப்பதா என்று பலர் தடுமாறுகிறார்கள்.

எளிமை
வசனம்: ஒரே வரி, வேலைக்கு நடுவிலும் சொல்லலாம்.
சங்கீதம் 13: ஆறே வசனங்கள். ஆனால் தனிமை வேண்டும், அவசரப்படக் கூடாது.

எங்கே பிசகும்
வசனம்: இங்கேதான் பிசகு அதிகம். எதிர்பார்த்திருக்கும் முடிவைத் தருவேன் என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11-ஐப் பிடித்துக்கொள்பவர்கள் அதற்கு முந்தின வசனத்தை விட்டுவிடுகிறார்கள். பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பின்புதான் திரும்பிவருதல் என்கிறது அது. சிறைப்பட்டுப்போன ஒரு ஜனத்துக்குச் சொன்னதை 'இந்த மாதத்துக்குள்' என்று சுருக்கினால் ஏமாற்றமே மிஞ்சும். முழு அதிகாரத்தையும் வாசித்து, யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்று பாருங்கள்.
சங்கீதம்: முதல் இரண்டு வசனங்களின் 'எதுவரைக்கும்' என்ற கேள்வியோடு நின்றுவிடுவது. 3, 4 விண்ணப்பம். 5, 6 நம்பிக்கை. கடைசிவரை போங்கள்.

நீண்ட காத்திருப்பில்
தேவனுடைய வாக்கை நம்பி ஆபிரகாம் புறப்பட்டது 75 வயதில், வாக்குப்பண்ணப்பட்ட மகன் ஈசாக்கு பிறந்தது அவருடைய 100-ல். ஆதியாகமம் 15-இல் "அடியேனுக்கு என்ன தருவீர்?" என்று முறையிட்டவரும், அதே அதிகாரத்தில் விசுவாசித்தவரும் அவரே. முறையிடுவதை அவிசுவாசம் என்று கண்டிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

யாருக்கு எது
மனம் கசந்து ஜெபமே வராதவருக்குச் சங்கீதம். பொறுமையிழந்து, ஆபிரகாம் பணிப்பெண் ஆகார் மூலம் பிள்ளை பெற்றதுபோலக் குறுக்குவழி தேடுபவருக்கு வசனம், அதன் முழு அதிகாரத்தோடு.