டான்யூபைப் பார்க்கப் படகா, 2-ஆம் எண் டிராமா?

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டுக்குப் போகிறவர்கள் பலரும் முதல் வேலையாக டான்யூப் ஆற்றில் படகுச் சவாரிக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் நான் டிராமில் ஏறத்தான் சொல்வேன்.

மஞ்சள் நிற 2-ஆம் எண் டிராம் மார்கரெட் பாலத்தருகே, ஆற்றின் கிழக்குப் பக்கமான பெஸ்ட் கரையில் கிளம்புகிறது. தெற்கே போகும்போது வலப்பக்க ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். நாடாளுமன்றம் தாண்டியதும் ஆறு பக்கத்திலேயே வந்துவிடும். எதிர்க்கரையில் கோட்டைக் குன்று, அப்புறம் கெல்லெர்ட் குன்று. நடுவே சங்கிலிப் பாலத்தின் அடியிலேயே வண்டி நுழைந்து போகும். 1849-இல் திறந்த பாலம் அது. 1945-இல் ஜெர்மானியப் படை வெடிவைத்துத் தகர்த்தது, சரியாக நூறாவது ஆண்டில் மீண்டும் திறந்தார்கள். இத்தனைக்கும் ஊர்க்காரர்கள் வாங்கும் சாதாரண டிக்கெட்டே போதும்.

படகின் பலம் நாடாளுமன்றக் காட்சி. 268 மீட்டர் நீளம், 96 மீட்டர் உயரக் குவிமாடம். டிராம் அதன் காலடியில் போவதால் முழுசாகத் தெரியாது. ஆற்றின் மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. நாடாளுமன்ற வாசலில் மெட்ரோ ஏறினால் ஆற்றுக்கு அடியில் ஒரே நிறுத்தம், பாட்யானி சதுக்கம். வெளியே வந்து கரையில் நின்றால் முழுக் கட்டடமும் நேர் எதிரே.

படகில் போனால் தவறிப்போவது ஒன்று உண்டு. நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே, கரை விளிம்பில் அறுபது ஜோடி இரும்புக் காலணிகள். 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சியினர் யூதர்களை இங்கே நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, ஆற்றில் விழும்படி சுட்டார்கள். 2005-இல் வைத்த நினைவுச்சின்னம் இது. தேய்ந்து மடங்கிய ஆண்களின் பூட்ஸ், குதிகால் உயர்ந்த பெண்களின் காலணி, நடுவே உள்ளங்கை அளவில் குழந்தையுடையது. யாரோ அவற்றுக்குள் பூ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். குனிந்து பார்க்க வேண்டிய இடம். படகிலிருந்து கரையில் ஒரு கறுப்புக் கோடாகத்தான் தெரியும். டிராமை விட்டு இறங்கி நடந்தே போங்கள்.

வயதான அப்பா அம்மாவோடு போகிறீர்களா? சரி, அப்போது படகுதான். விளக்குகள் எரிந்த பிறகு கிளம்பும் படகாகப் பாருங்கள். ஜூன் மாதம் இருட்டவே ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும்.