கேஷலா, டனமேஸா? அரைநாளுக்கு எந்தக் குன்று?

அயர்லாந்துத் தலைநகர் டப்ளினிலிருந்து தென்மேற்கே காரில் போனால் இரண்டு சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், இரண்டின் உச்சியிலும் இடிபாடுகள். லீஷ் மாவட்டத்து டனமேஸ் சுமார் 80 கிலோமீட்டர். டிப்பரேரி மாவட்டத்துக் கேஷல் அதைப்போல் இரு மடங்கு. கடந்த கோடையில் ஊரிலிருந்து தம்பி வந்தபோது அரைநாள்தான் கையில் இருந்தது. இரண்டையும் முன்பே பார்த்திருந்த நான் யோசிக்காமல் டனமேஸுக்கு வண்டியைத் திருப்பினேன்.

கேஷலின் பெருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அயர்லாந்தின் தெற்கிலிருந்த மன்ஸ்டர் நாட்டு அரசர்களின் தலைமையிடம். 1101-ல் திருச்சபைக்குத் தானமாகப் போனது. 1134-ல் அர்ப்பணிக்கப்பட்ட கார்மாக் சிற்றாலயமும் 28 மீட்டர் உயர வட்டக் கோபுரமும் பார்த்தே தீர வேண்டியவை. ஆனால் இன்று நிற்பவற்றில் பெரும்பகுதி தேவாலயக் கட்டடம். கோட்டை பார்க்கும் ஆசையோடு போகிறவர் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

டனமேஸ் முழுக்க முழுக்கக் கோட்டை. அங்கே டிக்கெட் இல்லை, வழிகாட்டி இல்லை. சாலையோரத் தேவாலயத்தருகே காரை நிறுத்திவிட்டு ஏற வேண்டியதுதான். என் முடிவுக்குக் காரணம் அந்த ஏற்றம்தான். பாறை மற்றப் பக்கங்களில் செங்குத்தாக இறங்குகிறது. கிழக்குச் சரிவு ஒன்றில்தான் கால் வைத்து ஏற முடியும். எனவே கட்டியவர்கள் காவல் முழுவதையும் அந்த ஒரு பக்கத்தில் அடுக்கினார்கள். முதலில் புல் மூடிய அகழியும் மண்மேடும். அடுத்து இடிந்த முன்வாயில். பிறகு பிரதான வாயில், இரு பக்கமும் அம்பு எய்யும் பிளவுகளோடு மதில். அதற்கும் மேலே, உச்சியில், பெரிய மண்டபம். முற்றுகையிட வந்தவன் நடந்த வழியிலேயே நாமும் நடக்கிறோம். பாதி ஏறியதும் தம்பி இடுப்பில் கைவைத்து நின்று, மதிலில் இருந்த ஒரு பிளவை நிமிர்ந்து பார்த்தான். “அண்ணா, கேடயத்தையும் தூக்கிக்கொண்டு இதில் ஓடி வந்தவனுக்கு மூச்சு எங்கே மிச்சமிருக்கும்?” என்றான். எந்தத் தகவல் பலகையாலும் அதை அவனுக்கு அப்படிப் புரியவைத்திருக்க முடியாது. கேஷலில் எனக்கு இது கிடைக்கவில்லை. அங்கே படியேறி, டிக்கெட் வாங்கி, உள்ளே போய்விடுகிறோம்.

அயர்லாந்தின் கிழக்கிலிருந்த லென்ஸ்டர் நாட்டு அரசன் டெர்மட் மக்மரோவின் மகள் ஈஃபா, 1170-ல் நார்மன் பிரபு ஸ்ட்ராங்போவை மணந்தபோது இந்தப் பாறையும் சீதனத்தில் போனதாகச் சொல்வார்கள். பிறகு இது அவர்களுடைய மருமகன் வில்லியம் மார்ஷலின் கைக்கு வந்தது. 1650-ல் இங்கிலாந்துத் தளபதி க்ராம்வெல் தரப்புப் படை தகர்த்ததாகச் சொல்வது வழக்கம். வாயிலருகே பெயர்ந்து விழுந்த சுவர்த்துண்டு ஒன்று, காரைப்பூச்சு விட்டுப்போகாமல், மஞ்சள் பாசி படர்ந்து சாய்ந்து கிடக்கிறது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், வெயிலில்கூடச் சில்லென்றிருந்தது. மண்டபத்தில் தெரியும் வேலைப்பாட்டையெல்லாம் பழையது என்று நம்பிவிடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசியல்வாதி சர் ஜான் பார்னெல் அதைப் புதுப்பிக்க முயன்றபோது வேறிடங்களிலிருந்து கொண்டுவந்து பொருத்திய கற்களும் அதில் இருக்கின்றன. உச்சியிலிருந்து மேற்கே ஸ்லீவ் ப்ளூம் மலைகள் நீலமாகத் தெரியும். நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் வேறு இருவர்தான் வந்தார்கள்.

இரண்டையும் நான் கோடையில் மட்டுமே பார்த்திருக்கிறேன். குளிர்காலத்துக்கு என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மழை பிடித்தால் டனமேஸில் ஒதுங்கக் கூரை இல்லை, கேஷலில் உண்டு. கார் இல்லாதவர்களுக்கும் கேஷலே வசதி, ஊர் வரைக்கும் பஸ் போகிறது. டனமேஸுக்கு போர்ட்லீஷ் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து டாக்ஸி பிடிக்க வேண்டும்.

அடுத்த முறை அம்மா வந்தால் கேஷலுக்குத்தான் அழைத்துப் போவேன். டனமேஸின் கரடுமுரடான புல்சரிவு அவர் முழங்காலுக்கு ஆகாது. தம்பி மட்டும் வந்தால் மறுபடியும் டனமேஸ்தான். மதிலின் வடக்குப் பக்கத்தை இன்னும் நாங்கள் சுற்றி முடிக்கவில்லை.