சின்ன மில்லுக்கு 10 அங்குல றப்பர் றோல் செல்லர்: வாங்கலாமா?

றப்பர் றோல் செல்லர் என்பது இரண்டு றப்பர் றோலுக்கு இடையில் நெல்லை விட்டுக் கோது உரிக்கிற மெசின். கோது உரிப்பதையும் தீட்டுவதையும் ஒன்றாகவே செய்கிற பழைய இரும்பு ஹலரை மாற்ற நினைக்கிற சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்து மில்காரருக்கு இந்த மெசின் பெறுமதியானதுதான். ஹலரில் பச்சை நெல் (அவிக்காத நெல்) 100 கிலோ போட்டால் 53 முதல் 55 கிலோ அரிசிதான் தேறும். உமி, தவிடு, குறுணல் எல்லாம் ஒன்றாய்க் கலந்து போய்விடும். அந்தக் கலவைக்கு நல்ல விலையும் கிடையாது. செல்லரில் உமி தனியே வரும், தவிடு பிறகு அரிசி தீட்டும் பொலிஷரில் விழும். அரிசி 65 கிலோ வரை ஏறும். உமியை நேரே நெல் அவிக்கிற அடுப்புக்கு அனுப்பலாம்.

இரண்டு றோலும் எதிரெதிராகச் சுற்றும். ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்வாசி வேகம் கூட. கோதை உரிப்பது முக்கியமாக இந்த வேக வித்தியாசம்தான். இது விளங்காமல்தான் சேதம் வருகிறது. வேகமான றோல் முதலில் தேயும். விட்டம் குறைய வித்தியாசமும் குறையும், கோது உரியாது. உடனே ஒப்பரேட்டர் றோல்களை நெருக்குகிற கைச்சக்கரத்தை இறுக்குவார். அரிசி உடையும், றப்பர் சூடேறி இன்னும் கெதியாகத் தேயும். விட்டத்தில் 2, 3 மில்லிமீற்றர் வித்தியாசம் தெரிந்தவுடனே றோல் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டினால் போதும். கூடவே, நெல் றோலின் முழு அகலத்துக்கும் பரவி விழுகிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கமாகவே விழுந்தால் றப்பரில் பள்ளம் விழும்.

இறுக்கம் சரியா என்று பார்க்க, வெளியே வருவதில் ஒரு பிடி அள்ளி 100 மணி எண்ணுங்கள். 10 முதல் 15 வரை நெல்லாகவே கிடந்தால் சரி. 2, 3 தான் என்றால் இறுக்கம் கூடிவிட்டது. கறுப்பு றப்பர் என்றால் வெள்ளை அரிசியில் கறுப்பு இழுவையும் தெரியும். சிவப்பரிசியில் அது கண்ணுக்குப் பிடிபடாது, எண்ணித்தான் ஆகவேண்டும். அவித்த நெல்லின் கோது ஏற்கெனவே வாய்விட்டிருப்பதால் இறுக்கம் குறைவாகவே போதும். நெல் அறுக்கிற வெட்டு மெசினிலிருந்து வந்த ஈர நெல்லை 14 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவிடாமல் கொட்டிவிட்டு மெசினைக் குறை சொல்ல வேண்டாம்.

உமியை ஊதிப் பிரிக்கிற புளோவரின் காற்று கூடினால் அரிசியும் உமியோடு பறக்கும். உமியில் ஒரு கைப்பிடியை வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள்; அரிசி இருந்தால் அடியில் நிற்கும்.

பெரிய குறை, உரியாத நெல்லைப் பிரித்துத் திருப்பி அனுப்பும் செப்பரேட்டரைத் தனியாக வாங்க வேண்டியிருப்பது. அது இல்லாத மில்லில் நெல் பொலிஷருக்குப் போகாமலிருக்க றோலை இறுக்குவார்கள், கிடைத்த இலாபம் குறுணலாய்ப் போகும். இரண்டுக்கும் காசு சேரும்வரை பொறுப்பதே நல்லது.

உதிரி றோலைக் குவித்து வைக்காதீர்கள். கச்சான் காற்று வீசுகிற வெயில் காலத்துத் தகரக் கொட்டிலின் சூட்டில் றப்பர் இறுகிப்போகும். வாங்கும்போது உற்பத்தித் திகதியைப் பார்த்து, அடுத்த போகத்துக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள்.